மூடியைத் திறந்தது யார்?

எண்பதுகளின் கடைசியில் மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் பக்கத்தில் இருந்த எங்கள் தேயிலை எஸ்டேட் ஆபீசுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. நான் அங்கே கணக்கெழுதும் கிராணி. ஈப்போவில் இரண்டு வாரம் பயிற்சி எடுத்த திமிரில், ஆபீஸ் கூட்டும் செல்லம்மாவை அதன் பக்கமே விடமாட்டேன். "ஒனக்கு இதெல்லாம் என்னா தெரியும்? தள்ளிப் போ" என்று விரட்டுவேன்.

ஒருநாள் யாருமில்லாதபோது திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தேன். உள்ளே மதர்போர்டில் வரிசையாகக் குட்டிக் குட்டிச் சுவிட்சுகள் இருந்தன. எல்லாம் தெரிந்தவன்போல இரண்டைத் தள்ளிவிட்டு மூடினேன். அதற்குப் பிறகு திரையில் எதுவுமே வரவில்லை.

"செல்லம்மா ஈரத்துணியால தொடைச்சிட்டா, துரை" என்று எஸ்டேட் மானேஜரிடம் சொன்னேன். அன்றே அவளைக் கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பிவிட்டார்.

மறுவாரம் வந்த மெக்கானிக் மூடியைத் திறந்ததும் சிரித்துவிட்டார்.

"எந்த ஸ்கிரீன் மாட்டியிருக்குன்னு போர்டுக்குச் சொல்ற சுவிட்சு இது. யாரோ திறந்து மாத்திட்டாங்க. தானா நகராது லா."

துரை என்னைப் பார்த்தார். நான் தலைகுனிந்தேன். செல்லம்மாவை அழைத்து, பழைய வேலைக்கே வரச் சொன்னார்.

"கொழுந்தே பறிக்கிறேன், துரை. இவரு ஒக்கார்ற ரூம்ப நான் கூட்ட மாட்டேன்."

காலில் ஏறிய அட்டையைப் பார்ப்பதுபோல என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வையில் தப்பு எதுவும் இருந்ததாக எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.