பங்குக் கிணறும் எங்கள் அத்திவாரமும்

காணிப் பத்திரமான உறுதியில் எழுதியிருப்பதை மட்டுமா நாம் விலை கொடுத்து வாங்குகிறோம்? எண்பதுகளின் நடுப்பகுதியில் மானிப்பாயில் நாங்கள் வாங்கிய காணி இந்தக் கேள்வியை என்முன் வைத்தது.

நொத்தாரிசு வாசித்த உறுதியில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் தெளிவாக இருந்தன. பட்டதாரியல்லவா, நானும் ஒருமுறை வாசித்துத் திருப்தியடைந்தேன். கிணற்றின் மற்றப் பங்காளிகளான அயலவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

மேசன் வேலை தொடங்கிய காலையில் என் மனைவி வாளியை இழுத்ததும், பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, உது ஆருக்குத் தண்ணி?"

"அத்திவாரத்துக்கு அக்கா."

"கோடையிலை குடிக்கவும் குளிக்கவும் மட்டும்தான். அதுதான் எங்கடை கட்டுப்பாடு."

நான் உறுதியை நீட்டினேன். சத்தம் கேட்டு வந்த, பங்காளிகளில் மூத்தவரான அண்ணை சிரித்தார். "தம்பி, உந்தக் கடதாசியைக் கிணத்துக்கை போட்டால் தண்ணி ஊறுமோ?"

முன்பொருவர் கோடையில் வீடு கட்ட இறைத்ததில் கிணறு உவராகி, மழை வரும்வரை எல்லோரும் முகம் சுளித்தே தேநீர் குடித்தார்களாம். கட்டுப்பாடு நியாயமானதுதான், அதை மீறி வீடெழுப்பினால் அந்த அயலில் எப்படி வாழ்வது? ஆனால், மழைக்கு முன் அத்திவாரம் முடியாவிட்டால், பிறக்கப்போகும் பிள்ளையோடு இன்னுமோர் ஆண்டு வாடகை அறைதான்.

 மனைவிதான் வழி கேட்டாள்.

"அண்ணை, கிணறு இறைச்சுச் சேறு அள்ளுறது எப்ப?"

"புரட்டாதியிலை, மழைக்கு முன்னம்."

"இறைக்கிற தண்ணி?"

"வாழைக்குத்தான்."

"இந்தமுறை அத்திவாரத்துக்கு விடுவமோ?"

அண்ணை தலையைச் சொறிந்தார். அக்காதான் முடிவு சொன்னார்: "உவள் கெட்டிக்காரி. ஆனால், சேறள்ள உன்ரை மனிசன்தான் இறங்கவேணும்!"

மேசனை அதுவரை பொறுக்கச் சொன்னோம். புரட்டாதியில், மேலே தெளிந்த தண்ணீர் பீப்பாய்களில் நிறைய, அடியில் நான் சேறு அள்ளினேன். ஏறி வந்ததும் அக்கா கேட்டார்: "பட்டம் வாங்கின முகமே இது? கழுவவும் தண்ணி கேட்காதையும், முடிஞ்சுது!"

மழைக்கு முன்னரே அத்திவாரம் முடிந்தது. அதன்பின் பங்காளிகளில் யார் வீட்டில் கட்டட வேலை வந்தாலும், அதற்கேற்பவே கிணறு இறைக்கும் நாள் குறிக்கப்பட்டது.