குழாய் வழி இறங்கின குரல்

போன வருசம் கனடாவில், ஸ்காபரோவில் கலியாண மண்டபம், பஸ், பலசரக்குக் கடை எண்டு எங்கையும் கேட்ட அந்தப் பாட்டு கஜனியின்ரை எண்டு எல்லாருக்கும் தெரியும். அதுக்கு நடுவில் சொல்லில்லாமல் முனகிக்கொண்டு வருகிற கரகரத்த குரல் ஆரின்ரை எண்டுதான் தெரியாது. மெஷினில் செய்தது எண்டு சொல்லுறவை சொல்லட்டும். அது அன்ரனெற்றின்ரை குரல்.

அன்ரனெற் இருபது வருசம் மாதா கோயில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிண்டவ. தைரொயிட் ஒப்பரேசனுக்குப் பிறகு குரல் உடைஞ்சு, ஆம்பிளைக் குரல்மாதிரி இறங்கிப் போச்சு. குழுவை நடத்துகிற ஜூலியஸ் எத்தனையோ தரம் கூப்பிட்டும் போகவில்லை. பூசையில் கடைசி வாங்கில் இருந்து உதட்டை மட்டும் அசைப்பா. வீட்டில் ஆளில்லாத நேரம், அடுப்புக்கு மேல் ஃபான் இரைய, மீன் பொரிச்சபடி தானே கட்டின ஒரு மெட்டை முனகுவா. ஒருத்தருக்கும் கேளாது எண்டு நினைப்பு.

கேட்டது. அந்த வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்த கஜனி, மிசிசாகாவில் வேலை செய்துகொண்டு பாட்டும் செய்கிற பிள்ளை. வெளிச்சத்தம் விழாமல் இருக்க உடுப்பு அலுமாரிக்குள், குளிர் ஜக்கெற்றுகளுக்கு நடுவில் நிண்டுதான் பதிவு செய்வாள். அதுக்குப் பக்கத்தால்தான் மேல் குசினிக்குச் சூட்டுக்காத்துப் போகிற ஹீற்றர் குழாய். ஒருநாள் பதிஞ்சதைப் போட்டுப் பார்த்தால், தன்ரை குரலுக்குக் கீழே இன்னொரு குரல். அழிக்கத்தான் நினைச்சாள். இரண்டாந்தரம் கேட்டபிறகு மனம் வரவில்லை.

ஃபோனோடை மேலே வந்து போட்டுக் காட்டினாள். அன்ரனெற் அடுப்பை நிப்பாட்டினா.

"ஆரைக் கேட்டு எடுத்தனீ?"

"தானா விழுந்தது அன்ரி. வேண்டாமெண்டா இப்பவே டிலீற் பண்ணுறன். ஆனா இது இல்லாட்டி என்ரை பாட்டு சும்மா ஒரு பாட்டு."

"உது என்ரை குரல் இல்லை. என்ரை குரல் ஒப்பரேசனோடை போட்டுது."

சாப்பிட்டுக்கொண்டிருந்த புருசன் கிளிபோட் தலை நிமிரவில்லை. "ஆரின்ரையோ தெரியாது. ரெண்டு வருசமா கராஜில நிண்டு கேக்கிறன். நல்லாத்தான் பாடுது, கலைச்சுப்போடாதையும்."

மூண்டு நாள் இரண்டு பேருக்கும் அவ முகம் கொடுக்கவில்லை. நாலாம் நாள் தானே கீழே இறங்கி, திரும்பப் போடச்சொல்லி, அந்த ஜக்கெற்றுகளுக்கு நடுவில் நிண்டு முழுக்கக் கேட்டா. பாட்டில் இருக்கட்டும், தன்ரை பேர் மட்டும் வேண்டாம் எண்டா.

பாட்டு ஊரெல்லாம் பரவினபிறகு ஒருநாள் பஸ்ஸில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, கஜனி பாடின இடத்தை விட்டிட்டு அன்ரனெற் முனகின இடத்தையே திரும்பத் திரும்ப முனகினாள். அந்தக் கரகரப்புச் சரியாய் வரவேணும் எண்டு தொண்டையை நெரிச்சுப் பாடுபட்டாள். அன்ரனெற் இறங்கவேண்டிய இடம் தாண்டியும் இருந்து கேட்டா.

அந்த ஞாயிறு கோயிலில் இரண்டு மெழுகுதிரி கொளுத்தினா. ஒண்டு, குரலை மிச்சம் விட்ட ஆண்டவருக்கு நன்றியாய். மற்றது, அழிக்காமல் விட்ட கஜனிக்காக. பிறகு நேரே பாடகர் குழுவுக்குப் போனா. ஜூலியஸ் பெண்கள் வரிசையில் இடம் விடச்சொன்னார். அவ அதைக் கடந்துபோய், ஆம்பிளையள் பக்கத்தில், அடிக்குரலில் பாடுகிற யேசுரட்ணத்துக்குக் கிட்ட நிண்டா.

"கொஞ்சம் தள்ளுங்கோ அண்ணை. என்ரை குரல் இப்ப இஞ்சைதான்."