மண்முனைத் துறைக்கு அப்பால் என் மகளுக்கு ஆறு ஆடுகள்

இதைச் சுற்றுலா என்று சொன்னால் பொய். ஒருவருக்கு நன்றி சொல்ல ஐந்தரை வருடம் பிந்திப் போன பயணம் இது. 2010 ஓகஸ்ட் பள்ளி விடுமுறையில் நானும் மகள் தர்ஷியும் கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் போய் வந்தோம். யுத்தம் முடிந்து பாதைகள் திறந்த பிறகு “அந்தப் பக்கம் பிள்ளையோடு போகலாமா?” என்று பலர் கேட்கிறார்கள். போகலாம். நேரம், காசு, தூரம் எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் முதலில் ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன்.

2004இல் நான் தேற்றாத்தீவில் ஆசிரியை. கணவருக்குக் கொழும்பில் வேலை. பதினான்கு மாதக் குழந்தையோடு வாவிப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். தர்ஷிக்கு மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாது, குடித்தால் வயிற்றோட்டம். பூமணியக்காதான் ஆட்டுப்பால் தந்தார். கடற்கரையோரம் தனியாக இருந்தவர். பால் போத்தலைத் தூக்கிக்கொண்டு வரும் பழக்கமே அவருக்கு இல்லை. கறுப்பி என்ற மறியாட்டை, அதாவது பெட்டை ஆட்டை, கயிற்றில் பிடித்து நம் முற்றத்துக்கே கூட்டிவருவார். நம் பாத்திரத்தில், நம் கண் முன்னால் கறந்து தருவார். தண்ணீர் கலந்தது என்று பிறகு யாரும் வாயைத் திறக்க முடியாது பாருங்கள். தினமும் காலை ஏழு மணி.

எனக்கு நித்திரை என்றால் உயிர். டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை வேறு. முதல் நாளே “நாளைக்கு ஒன்பது மணிக்கு வாங்கக்கா” என்று சொல்லி வைத்தேன். அவர் வந்து கறந்துகொண்டிருந்தபோதுதான் கடல் பக்கம் அந்தச் சத்தம் கேட்டது. கறுப்பி கயிற்றை இழுத்து நின்றது. தண்ணீர் பிரதான வீதியைத் தொட்டுத் திரும்பியது. எங்கள் ஒழுங்கைச் சந்துக்கு வரவில்லை. வீதிக்கு அந்தப் பக்கம் இருந்த வீடுகளை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

பிறகு பத்து நாள், கடல் திரும்பவும் வரும் என்ற பயத்தில், எல்லோரும் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். கடைகள் இல்லை, பால்மா இல்லை. பூமணியக்கா ஆட்டுக்கு இலைக்குழை வெட்டிப் போட்டு, காலையும் மாலையும் கறுப்பியைக் கறந்தார். முதல் கோப்பை தர்ஷிக்கு, மிச்சம் மற்றக் குழந்தைகளுக்கு. பதினோராம் நாள் கணவர் வாகனம் பிடித்து வந்தார். “உடனே ஏறு” என்றார். பூமணியக்கா குழை வெட்டப் போயிருந்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டேன். அதன் பிறகு சண்டை. 2007இல் மட்டக்களப்பில் சனம் ஆயிரக்கணக்கில் இடம்பெயர்ந்தது என்று கேள்விப்பட்டபோது அவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியவில்லை. அந்த நெஞ்சிடிதான் என்னை ரயிலில் ஏற்றியது.

கோட்டையிலிருந்து காலை ரயில் 6.10க்குப் புறப்படுகிறது. இரண்டாம் வகுப்பு எனக்கு 500 ரூபா, மகளுக்கு அரை ரிக்கற். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். பொலன்னறுவைக்குப் பிறகு வடை மட்டும்தான். வாழைச்சேனையில் மூடிக்கிடந்த கடதாசி ஆலையைப் பார்த்து “யாருடைய பள்ளிக்கூடம் அம்மா?” என்று தர்ஷி கேட்டாள். மட்டக்களப்பு சேர 3.40. நகரத்தில் அறை 1500 ரூபா. மின்விசிறி சுழலும், ஆனால் காற்று வராது.

மறுநாள் காலை 7.15க்குக் கல்முனை பஸ். தேற்றாத்தீவு ஏறக்குறைய 25 கிலோமீட்டர், 38 ரூபா, ஐம்பது நிமிடம். இறங்கிப் பூமணியக்காவின் வளவுக்குப் போனேன். தென்னை இரண்டு நின்றது, வீட்டின் அத்திவாரம் கிடந்தது. தர்ஷி அத்திவாரத்தில் ஏறி நொண்டி விளையாடத் தொடங்கினாள்.

சந்திக் கடையில் விசாரித்தேன். கடைக்கார ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஆட்டுக்காரப் பூமணியா? அது கடல் வந்த கையோட படுவான்கரைக்குப் போயிற்று. தங்கச்சிக்காரி வீடு கொக்கட்டிச்சோலைக்கு அங்கால.”

“உயிரோடு இருக்கிறாவா ஐயா?”

“அதென்ன கேள்வி புள்ள? போன மாசமும் வந்து தவிடு வாங்கிப் போனதே!”

கடை வாசலிலேயே அழுதேன். ஐயா பாவம், பயந்துபோய் ஒரு சோடாவை உடைத்துத் தந்தார். காசு வாங்கவில்லை.

இந்த ஊர்க் கணக்கு சுலபம். வாவிக்குக் கிழக்கே சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, மேற்கே படும் பக்கம் படுவான்கரை. இரண்டுக்கும் நடுவே பாலம் இல்லாத இடத்தில் ‘பாதை’ ஓடுகிறது. பாதை என்றதும் ரோட்டைத் தேடாதீர்கள். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதக்கும் மேடைதான் அது. கடைக்கார ஐயா பிடித்துத் தந்த ஆட்டோவில் மண்முனைத் துறை வரை 14 கிலோமீட்டர். ஓட்டியவர் குணமண்ணன், ஐம்பது வயதிருக்கும். போய், நின்று, திரும்பி வர 1500 ரூபா பேசினோம்.

“ஆட்டோவும் பாதையில வருமா அண்ணன்?”

“அதும் வரும், மாடும் வரும், மாப்பிள்ளை பொம்பிளையும் வரும். பயப்பிடாம இரிங்க.”

துறையில் 25 நிமிடம் காத்திருப்பு. அடையாள அட்டை காட்ட வேண்டும். மறக்காமல் கொண்டு போங்கள். கடப்பதற்குப் பத்து நிமிடம். பாதை நகர ஆரம்பித்ததும் தர்ஷி என் கையை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்தாள். தண்ணீரைக் கண்டு பயந்தது நான் மட்டும்தான்.

கொக்கட்டிச்சோலை தாண்டி மூன்று கிலோமீட்டர் கிரவல் ரோடு. இரு பக்கமும் வட்டை, அதாவது வயல்வெளி. அறுவடை முடிந்து அடிக்கட்டை நின்றது. அதற்குள் ஆடுகள் மேய்ந்தன. வழியோர வளவொன்றில், பூவரசு நிழலில் பாய் விரித்துக் குழைக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த மனுசி நிமிர்ந்து பார்த்தார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. நான் வாயைத் திறக்குமுன் அவர் என்னை விட்டுவிட்டு மகளைப் பார்த்தார்.

“ரீச்சர்ர மகள்தானே? பால்குடிக்காரி! எவ்வளவு வளந்திட்டா!”

நான் ஐந்தரை வருடமாகப் பாடமாக்கி வைத்த பேச்சு எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. “சொல்லாமல் போய்விட்டேன் அக்கா” என்று மட்டும் வந்தது. கொழும்பில் வாங்கிய சேலையைக் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பாயில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பினார்.

ஆட்டுப்பால் தேநீர் குடித்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாற்றம் என்பது வீண் பழி. கிடாயைத் தள்ளிக் கட்டி, மடியைக் கழுவி, சுத்தமான பாத்திரத்தில் கறந்து உடனே காய்ச்சினால் ஒரு வாசமும் இல்லை. இஞ்சி தட்டிப் போட்டுத் தந்தார். பால் தடிப்பு, இனிப்பு நாக்கில் தங்கும். நான் இரண்டு கோப்பை குடித்தேன், குணமண்ணன் மூன்று.

தர்ஷியைக் குட்டிகள் சூழ்ந்துகொண்டன. ஆடு வளர்க்கிறவர்கள் ஏன் சிரித்த முகமாக இருக்கிறார்கள் என்று அன்று விளங்கியது. காரணமே இல்லாமல் நாலு காலும் ஒன்றாக மேலே எழும்பும். ஒன்று குழைக் கட்டில் ஏறும், மற்றது அதைத் தள்ளி விழுத்தும். ஒன்று என் மடியில் ஏறி அறை வாடகைப் பற்றுச்சீட்டைத் தின்றது. இன்னொன்று அதைவிட ஒரு படி மேலே போய்ச் சேலையின் மூலையை மென்றுகொண்டிருந்தது. நான் பதறிப்போய் இழுத்தேன்.

பூமணியக்கா விரித்துப் பார்த்தார். “பறவாயில்ல ரீச்சர். உள்ளுக்குச் சொருகிற பக்கம்தான். ஆருக்கும் தெரியா.” பிறகு, “கடிச்சதும் உங்கட பிள்ளைட குட்டிதான்” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் அந்தக் குட்டியின் வலது காதைத் தூக்கிக் காட்டினார். நுனியில் சின்ன வெட்டு. பட்டியில் கலந்தாலும் யாருடைய ஆடு என்று தெரிய இங்கே காதில் குறி வெட்டுவார்கள். அவருடைய ஆடுகளுக்கு இடது காதில் குறி. வலது காதில் குறியோடு பெரியதும் சின்னதுமாக ஆறு நின்றன.

“பள்ளிக்கூடத்தில இரிக்கக்குள்ள நினைச்சன், கறுப்பி அடுத்துப் போடுற மறிக்குட்டி உங்கட மகள்ர பேருக்கு எண்டு. போட்டுது. அதுர வழிதான் இந்த ஆறும். இனி நீங்க வந்திட்டீங்க, கொண்டு போங்க.”

“கறுப்பி எங்கே அக்கா?” என்று கேட்டேன்.

குழையை எடுத்து ஒவ்வொன்றாக இலை உருவினார். “ரெண்டாயிரத்து ஏழில ஷெல் குண்டு விழக்குள்ள எல்லாரும் ஓடினம். தோணிக்காரன் ரெண்டு ஆடுதான் ஏத்தலாமெண்டான். உங்கட பிள்ளைட மறியையும் அதுர குட்டியையும் ஏத்தினன். கறுப்பிய அவிட்டு விட்டன். மறுகா நாலு மாசத்தால வந்து பார்த்தா, இல்ல.”

“ஐயோ அக்கா, கறுப்பியை ஏற்றியிருக்கலாமே!”

“கறுப்பி என்ட. என்டத விடலாம். மற்றவங்கடத விட்டுட்டு வரலாமா?”

அழுகையோடு எனக்குக் கோபமும் வந்தது. “நாங்கள் உங்களுக்கு என்ன செய்தோம்? பால் தந்ததும் நீங்கள், ஆடு வளர்த்ததும் நீங்கள். நன்றி சொல்லாமல் ஓடியவள் நான்!”

பூமணியக்கா என்னைப் பார்த்த பார்வை, பள்ளிக்கூடத்தில் கணக்கு விளங்காத பிள்ளையை நான் பார்ப்பது மாதிரி இருந்தது.

“ஏழு மணிக்கு வந்திருந்தா எட்டு மணிக்கு வீட்ட போயிருப்பன் ரீச்சர். ஒம்பது மணிக்கு என்ட வீடு எங்க? நீங்க நித்திரை கொள்ள வேணுமெண்டு சொன்னதாலதான் நானும் இரிக்கன், கறுப்பியும் இரிந்தாள். பள்ளிக்கூடத்துக் குழந்தையளுக்குப் பாலும் இரிந்திச்சு.”

என் நித்திரையைப் பற்றித் திட்டாதவர்கள் இல்லை. அம்மா திட்டினார், கணவர் திட்டுகிறார், அதிபர் கடிதமே தந்திருக்கிறார். அதற்கு நன்றி சொன்ன ஒரே மனுசி, உலகத்தில் பூமணியக்காதான். நான் அவரைக் கட்டிப் பிடித்தேன். அவருடைய கையில் குழைப்பால் பிசுபிசுத்தது.

ஆடுகள் விசயத்துக்கு வருவோம். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம், பல்கனியில் இரண்டு பூச்சட்டி வைத்ததற்கே கீழ்வீட்டார் சண்டை. தர்ஷி “குளியலறையில் வைக்கலாம்” என்று தீர்வு சொன்னாள். கடைசியில் பங்குக்கு விட்டோம்: ஆடு எங்களுடையது, வளர்ப்பது அவர், குட்டிகள் பாதிப் பாதி, பால் முழுதும் அங்கேயே. முதலில் “பாலும் பாதி” என்று பிடிவாதம் பிடித்தார். பக்கத்து வளவில் ஒரு கைக்குழந்தைக்காரியைக் கண்டேன், என் பாதியை அவளுக்குக் கொடுங்கள் என்றேன். அதற்கு உடனே ஓம் என்றார். தர்ஷி, அடுத்து வரும் மறிக்குட்டிக்குக் கறுப்பி என்று பெயர் வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறாள்.

போகிறவர்களுக்கு: கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்று துறையில் இறங்கும்போதே கேட்டு வையுங்கள், மாலையில் நேரம் மாறும். தொப்பியும் தண்ணீரும் அவசியம், வட்டையில் நிழல் குறைவு. வளவுக்குள் போனால் காகிதம், சீலை, ரிக்கற் எதையும் ஆட்டுக்கு எட்டும் உயரத்தில் வைக்காதீர்கள். ஆடு வளர்க்கும் யோசனை இருந்தால் இரண்டாய் வாங்குங்கள். தனி ஆடு கத்திக் கத்தியே மெலியும். ஈரத் தரை கூடாது, பலகைக் கொட்டில் நல்லது. காலில் சேறு ஒட்டினால் நோய் கூடவே வரும் என்று பூமணியக்கா சொன்னார்.

பால் குடிக்க ஆசையென்றால் ஏழு மணிக்கு முன் அங்கே நில்லுங்கள். பிந்தினால் அவர் கறந்து முடித்துவிடுவார். நாங்களும் மறுநாள் இன்னொரு முறை போவதாக இருந்தோம். புறப்படும்போது “வெள்ளண வந்திடுவோம் அக்கா, ஆறு மணிக்கே எழும்பிடுவேன்” என்று வீரம் பேசினேன்.

“வேணாம் ரீச்சர்” என்றார். “ஒம்பது மணிக்கு வாங்க.”

மறுநாள் நல்லாய்த் தூங்கி எழும்பி, பாதை பிடித்து, ஒன்பதே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மற்ற ஆடுகளெல்லாம் வட்டைக்குள் மேயப் போய்விட்டன. வலது காதில் குறி வெட்டிய பெரிய மறி மட்டும் மடி நிறைந்து முற்றத்தில் நின்றது. பூமணியக்கா பக்கத்தில் செம்பைக் கழுவி வைத்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தார்.