பேத்தைக்குப் பல் வெட்டிய ஞாயிறு

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடித் தொட்டியில் கடல் இருக்கிறது. கடல்காற்றே படாத தாயில்பட்டிக்காரன் வீட்டில் கடலா என்று சிரிக்காதவர் தெருவில் இல்லை. அந்த உப்புத் தண்ணீரில் இருப்பது ஒரே ஒரு மீன், கட்டைவிரல் அளவில் ஒரு பேத்தை. பயந்தால் பந்து மாதிரி உப்பிக்கொள்ளும் ஜாதி. மதுரை வளர்ப்புமீன் கடையில் அது என்னை முறைத்த முறைப்பில் விழுந்துவிட்டேன்.

மனைவியின் அண்ணன் தொட்டியை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார். "இத எதுக்கு மாப்ள வளக்கீக? கொழம்பு வச்சாலும் விஷம், வச்சுப் பாத்தாலும் செலவு. ஒரு வருசம் தாங்காது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "தாங்கும் மச்சான். பாத்துக்கிட்டே இருங்க" என்றேன். அதற்குப் பிறகு அந்த மீனைச் சாக நான் எப்படி விடுவேன்?

எங்கள் வீட்டில் விருந்தாளிக்கு இறாலை ஓட்டோடு பரிமாறுவது மரியாதைக் குறைவு. உரித்து, நரம்பெடுத்து, அலசித்தான் சமைப்போம். பேத்தைக்கும் அதே உபசாரம் செய்தேன். பொடியாக நறுக்கிப் போடுவேன். அது கண்ணை உருட்டிக்கொண்டு வந்து விழுங்கும். மாதக்கணக்கில் ராஜவாழ்க்கை வாழ்ந்தது.

பிறகு ஒருநாள் இறால் துண்டு அதன் வாய்வரை போய் நழுவிக் கீழே விழுந்தது. அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே. வயிறு ஒட்டிப்போனது. பட்டாசு கம்பெனியில் எனக்கு போர்மேன் வேலை. லோடு ஏற்றும்போதும் அந்த ஒட்டிய வயிறுதான் கண்ணில் நின்றது.

மனைவி நர்ஸ். டார்ச் அடித்துப் பார்த்தவள், "ஏங்க, பல்லு வளந்து வாய அடச்சிருக்கு" என்றாள்.

மதுரைக் கடைக்காரருக்கு போன் போட்டேன். பேத்தைக்கு நம் நகம் மாதிரி பல் வளர்ந்துகொண்டே இருக்குமாம். சிப்பியையும் நத்தையையும் ஓட்டோடு கடித்தால்தான் தேயுமாம். "உரிச்சா போட்டீங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். கிராம்பு எண்ணெயில் மயக்கிப் பல்லை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பட்டினியில் செத்துவிடும் என்றார்.

ஞாயிறு காலை அடுக்களை மேடை ஆபரேஷன் தியேட்டர் ஆனது. தொட்டித் தண்ணீரைக் கிண்ணத்தில் எடுத்து மனைவி கிராம்பு எண்ணெயைத் துளித்துளியாகக் கலந்தாள். மீன் சாய்ந்தது. கையுறையை நனைத்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே அதைப் பிடித்தாள்.

கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் போகுமுன் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொடுவோம், உடம்பில் உள்ள மின்சாரம் இறங்கட்டும் என்று. என்னையறியாமல் என் கை ஜன்னல் கம்பியைப் போய்த் தொட்டது.

"இங்கன என்னத்த வெடிக்கப் போகுது?" என்றாள்.

"காத்த முழுங்குச்சுன்னா இதுவே உப்பிரும்ல."

சிரிப்பை அடக்கிக்கொண்டு மீனின் வாய் மட்டும் வெளியே தெரியுமாறு உயர்த்தினாள். நகம் வெட்டும் சின்னக் குறடால் மேல்பல்லின் நுனியைப் பிடித்து அழுத்தினேன். கடுகளவு துண்டு தெறித்தது. கீழ்ப்பல்லும் போனது.

தொட்டியில் விட்டதும் அது அடியில் கிடந்தது. மனைவி கையால் தண்ணீரை அதன் முகத்துப் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தாள். கொன்றுவிட்டோம் என்றே நினைத்தேன். அப்புறம் ஒரு கண் உருண்டது. பின்னாலேயே வால் அசைந்தது.

சாயங்காலம் மச்சான் வந்தார். "என்ன மாப்ள, கொழம்பா?"

தூத்துக்குடி மீன் வண்டியில் வாங்கிய சின்னச் சிப்பி ஒன்றை ஓட்டோடு போட்டேன். பேத்தை சுற்றிச் சுற்றி வந்தது. சட்டென்று பாய்ந்து கவ்வியது.

டக்.

ஓடு உடைந்த சத்தம் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. எத்தனையோ தீபாவளிக்குச் சரம் செய்து அனுப்பியவன் நான். எந்தச் சத்தத்துக்கும் இப்படிக் குதித்ததில்லை. மனைவி கைதட்டினாள்.

மச்சான் நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னொண்ணு போடுங்க மாப்ள" என்றார்.