கொடிக்காலுக்குள் ஓடும் வழி

நவநீதகிருஷ்ணன் எந்த வாசலுக்குள் நுழைந்தாலும் அதன் அகலத்தைக் கண்ணாலேயே அளந்துவிடுவார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், பரிமாறுகிறவர் போய்வர மேசைக்கும் சுவருக்கும் நடுவே இடம் போதுமா என்றுதான் முதலில் பார்ப்பார். வெகுகாலம் வீட்டு வரைபடம் போட்ட கை. நாற்பது வயதுக்கு மேல் அதை விட்டுவிட்டு, அஸ்தம்பட்டியில் கணினி விளையாட்டு தயாரிக்கும் சிறு நிறுவனமொன்றில், ஆட்டம் நடக்கும் இடங்களை உருவாக்கும் வேலையில் சேர்ந்தார். மனைவி கிருத்திகாவைத் தவிர வேறு எவரும் அதை மெச்சவில்லை.

அவருக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு வெற்றிலைக் கொடிக்கால். துரத்துகிறவர்களிடம் சிக்காமல் ஒரு பெண் அதற்குள் புகுந்து ஓடிக் காவிரிக்கரை சேரவேண்டும். பரமத்தி வேலூரில் மாமனாருக்குக் கொடிக்கால் இருந்தது வசதியாய்ப் போயிற்று. டேப்பும் கையுமாகப் போய் அளந்துவந்து, இம்மியும் பிசகாமல் கணினியில் ஏற்றினார்.

ஆடிப் பார்த்தவர்களோ பாதி வழியிலேயே விட்டுவிட்டார்கள். ஆட்டத்தில் பார்க்கிற கண் ஓடுகிறவளுடையது அன்று. அவள் முதுகுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி வரும் கேமராவினுடையது. இரண்டரை அடி வழியில் அவள் நுழைந்துவிட்டாள். கேமரா இலைக்குள் மாட்டிக்கொண்டு திரை முழுவதும் பச்சையாயிற்று. வேலையை மேற்பார்வையிடும் ஹெலன் அவரைவிட வயதில் இளையவர். வெள்ளிக்கிழமைக்குள் ஓடத் தகுந்ததாக ஆகாவிட்டால் கொடிக்காலை எடுத்துவிட்டு ஒரு தெருவை வைத்துக்கொள்ளலாம் என்று பொறுமையாகவே சொன்னார்.

மனசே இல்லாமல் வழியை இரு மடங்கு அகலமாக்கினார். கேமரா தாராளமாக வந்தது. அன்று மாலை கிருத்திகாவிடம் ஆடக் கொடுத்தார். கொடிக்காலிலேயே வளர்ந்தவள், கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது கொடிக்காலா, தென்னந்தோப்பா? லாரியே போவுமாட்ட இருக்குது."

"கேமராவுக்கு எடம் வேணுமில்ல?"

"கேமராவுக்கு இருக்கட்டுங்க. எங்கூட்டுக் கொடிக்காலுக்குள்ள பூந்தா ஆளு போனதே தெரியாது. இவளுக்கு நடுமண்டைல வெயிலடிக்குது."

அந்த வெயில் அவரை உறுத்தியது. அளக்கப் போன அன்று கொடிக்காலில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. கால்சட்டை சேறாகிவிடுமே என்று பாத்தியின் மேல் நின்றபடியே டேப்பைப் பிடித்தார். அங்கிருந்தே கொடியின் உயரத்தையும் எடுத்தார். அங்கே நடக்கிறவர்கள் பாத்தியில் நடப்பதில்லை. இரண்டு பாத்திகளுக்கு நடுவே முழங்கால் ஆழத்தில் ஓடும் வாய்க்காலில்தான் இறங்கி நடப்பார்கள். போதாக்குறைக்கு, அகலத்தை இரட்டித்தவர் உயரத்தைத் தொடவேயில்லை. ஐந்தடி வழியானாலும் இருபுறமும் அதற்கேற்ப உயர்ந்து நின்றால் ஒடுக்கமாகத்தானே தோன்றும்?

ஓடும் தளத்தை முழங்கால் ஆழம் இறக்கினார். அகத்தி மரங்களையும் அவற்றில் ஏறிய கொடிகளையும் ஒன்றரை மடங்காக உயர்த்தி, உச்சியில் ஒன்றோடொன்று கூடவிட்டார். உலகத்தில் எந்தக் கொடிக்காலுக்கும் அந்த அளவு கிடையாது என்பது அவருக்கு வருத்தமே.

வெள்ளிக்கிழமை ஹெலன் ஆடினார். உள்ளே புகுந்ததும் தோளைக் குறுக்கிக்கொண்டு திரையருகே குனிந்தவர், ஆற்றங்கரை வெளிச்சத்துக்கு வந்த பிறகே நாற்காலியில் சாய்ந்தார்.

"இதுவே இருக்கட்டும் சார். தெரு வேண்டாம்."

நவநீதகிருஷ்ணன் தலையாட்டினார். ஆனால் எழுந்து போகவில்லை.

"கரைமேல இருக்கற பம்புசெட்டுக் கதவு நாலு அங்குலம் ஒசரம் ஜாஸ்திங்க மேடம். சரிபண்ணீரட்டுங்களா?"

ஓடுகிற ஓட்டத்தில் அதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஹெலன் சிரித்தார்.

"நான் பாப்பேனுங்க," என்றார் அவர்.