மொசைக்கின் ரத்தத்தில் ஏறிய எண்

என் வீட்டுப் பின்பக்க அறையில் பன்னிரண்டு வருடமாகக் குடியிருக்கிறான் வன்னியராஜ். ராதாபுரம் பக்கத்துப் பிள்ளை. பதினேழு வயதில் திருவனந்தபுரத்துக் கரமனைக்கு வந்து, டைல்ஸ் பதிக்கப் படித்து, குத்தவைத்தே முழங்காலைத் தேய்த்துக்கொண்டவன். கல்யாணம் கூடிவரவில்லை. வேலை இடத்தில் மலையாளம்; தமிழ் பேச அவனுக்கு நானும் ஒரு நாயும்தான். ஜல்லிக் குவியலில் கிடந்த குட்டியைத் தூக்கி வந்து, வெள்ளையில் கறுப்புப் புள்ளி இருக்கிறதென்று மொசைக் என்று பேர் வைத்தான். நான் வேண்டாமென்றுதான் சொன்னேன். பிறகு நானே கஞ்சி ஊற்றினேன், அதை விடுங்கள்.

இந்த ஐப்பசியில் மொசைக்கால் எழுந்து நிற்க முடியவில்லை. தொட்டால் அலறும். உடம்பு அடுப்பாய்க் கொதித்தது. மிருக ஆஸ்பத்திரி டாக்டர் ஆர்ஷா மூட்டில் ஊசி விட்டு நீர் எடுத்துப் பார்த்தாள். உடம்பே தன் மூட்டை எதிரியாக நினைத்து அரிக்கிறது என்றாள். தினமும் ஒரு கசப்பு மாத்திரை. ரத்தத்தில் சிஆர்பி என்று ஒன்றும் பார்த்தாள். உள்ளே அழற்சி இருந்தால் அது ஏறுமாம், மருந்து கேட்டால் சில நாளிலேயே இறங்குமாம். பத்துக்குள் இருக்க வேண்டியது நூற்று நாற்பது. எனக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். பஸ் நம்பர் பார்த்துத்தானே இத்தனை காலம் போய்வந்தேன்.

வன்னியராஜ் மத்தி மீனுக்குள் மாத்திரையை ஒளித்துக் கொடுத்தான். பத்தாம் நாள் எண் பதினெட்டு. நாய் நடந்தது. முழுக்கக் குணமாக வேண்டுமென்று கார்த்திகை ஒன்றாம் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டான். நாற்பத்தொரு நாள் மீன் தொடக்கூடாது. மாத்திரை பாளையங்கோடன் வாழைப்பழத்துக்குள் போயிற்று. மொசைக் வாலாட்டிக்கொண்டு தின்றது. "நல்ல காரியம் மக்கா" என்று சொன்னவளும் நான்தான்.

ரெண்டு வாரம் கழித்து ரத்தம் எடுக்கப் போனோம். நாய் துள்ளித்தான் ஆட்டோவில் ஏறியது. எண் தொண்ணூற்றாறு.

"குளிகை உள்ளே போகுதா, சேட்டா?" என்றாள் ஆர்ஷா.

"டெய்லி கொடுக்கேன் டாக்டரே. மாலை போட்டவன் பொய் சொல்லுவனா?"

"நாய் நல்லாத்தானே ஓடுது. ஒங்க மெஷின்லதான் கோளாறு" என்றேன் நான்.

"அம்மச்சி, காலு நொண்டுறதுக்கு முன்னாலயே ரத்தம் சொல்லிரும். இது வரப்போறதாக்கும்."

வீட்டுக்கு வந்ததும் அவன், மொசைக் பழத்தைக் கவ்விக்கொண்டு ஒதுங்கும் துவைகல்லுக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினான். பாதி கரைந்து ஒட்டிக் கிடந்தன பன்னிரண்டு மாத்திரைகள். பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பியிருக்கிறது. வன்னியராஜ் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"வேண்டுதல் போட்டே கொன்னுட்டேன் ஆச்சி."

"செத்த பெறவு அழலாம்டே. எந்திரி."

மறுநாளே கால் விழுந்தது. எண் நூற்று ஐம்பத்திரண்டு. வாயைத் திறந்து மாத்திரையைத் திணிக்கப் போனால் தாடை வலியில் கடித்தது. நெய், வெல்லம், தயிர், எதில் வைத்தாலும் மோந்துவிட்டு முகத்தைத் திருப்பியது. ஆர்ஷா ஊசி போட்டாள். நாளையிலிருந்து மாத்திரை எப்படியாவது உள்ளே போகணும் என்றாள்.

"மாலையைக் கழத்திரட்டா ஆச்சி?"

"அதுக்காகப் போட்டதை அதுக்காகவே கழத்துவியா? பயமா இல்லியா ஒனக்கு?"

"எதைச் செஞ்சாலும் பயமாத்தான் இருக்கு."

நான் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். மீன்காரி ஷிஜா என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"ஆச்சிக்கு வழி தெத்திப் போச்சோ, மீன் கடைக்கு வந்திருக்கு?"

"மத்தி குடு. முள்ளெடுத்துக் குடு. சிரிக்காமக் குடு."

சைவப் பிள்ளைமார் வீடு எங்களுடையது. எழுபத்து மூன்று வருடம் தொடாததைத் தொட்டேன். முற்றத்தில் மூன்று செங்கல் வைத்து வேகவைத்து, மாத்திரையை உள்ளே அடைத்து ஊட்டினேன். ஊசி கொஞ்சம் வலியைத் தணித்திருந்ததால், விழுங்கியபின் நாக்கடி வரை விரல் விட்டுத் துழாவவும் விட்டது. என் மகள் கேள்விப்பட்டு ரெண்டு நாளாக ஃபோன் எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் போகட்டும்.

நாலாம் நாள் எண் எழுபத்தொன்று. வன்னியராஜ் அந்தக் காகிதத்தை மடித்தான், விரித்தான், மறுபடி மடித்தான்.

"எறங்குதுல்லா ஆச்சி?"

"எறங்குது."

"பின்னே ஏன் எந்திரிக்க மாட்டேங்குது?"

நான் அடுத்த மத்தியை வேகவைக்கப் போனேன். அவன் வேலைக்குப் போகாமல், கழுத்தில் மாலையோடு, அதன் முன்னங்காலைப் பிடித்தபடியே இருக்கிறான். வியாழக்கிழமை அடுத்த ரத்தம் எடுப்பார்கள்.