பதினான்காம் பக்கம்

1. பேட்டரி அறைக்குப் பக்கத்து அறை

செய்திச் சேனலில் இருபத்தாறு வருடம் டெஸ்க்கில் இருந்தேன். ரிப்போர்ட்டர்கள் அனுப்புவதை எழுதித் திருத்தி புல்லட்டினுக்குத் தயார் செய்கிற இடம் அது. கடைசி மூன்று வருடம் குறைதீர்ப்பு அலுவலர். செய்தி ஒருபக்கமாக இருக்கிறது, பொய்யாக இருக்கிறது என்று யாராவது புகார் கொடுத்தால், அதைக் கேட்க ஒவ்வொரு சேனலிலும் ஓர் ஆள் இருக்க வேண்டும்; பதினைந்து நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அரசு விதி. விதி வந்ததும் நிர்வாகம் சுற்றுமுற்றும் பார்த்தது. கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை, வீடு அம்பத்தூரிலேயே இருக்கிறது, ஓய்வு வயது தாண்டி ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்பில் ஓடிக்கொண்டிருந்தேன். வசமாக அகப்பட்டது நான்தான்.

யு.பி.எஸ். பேட்டரிகள் இருக்கும் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை கொடுத்தார்கள். முதல் நாள் நாலு மணிக்கு வழக்கம்போல டெஸ்க்காரர்களோடு டீ குடிக்கப் போனேன். நான் போனதும் பேச்சு நின்றது. ஒருத்தி வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். புகார் வாங்குகிற ஆள் முன்னால் யார் வாயைத் திறப்பார்கள்? மறுநாளிலிருந்து டீயை அறைக்கே வரவழைத்துக்கொண்டேன். அது எனக்கு ரொம்ப வலித்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

2. ஒரே ஒரு கேள்வி

வருகிற புகார்களில் பாதி வசவு, மீதி கட்சிக்காரர்கள் ஒரே வாசகத்தை நகலெடுத்து அனுப்புவது. எல்லாவற்றுக்கும் பதில் போட்டேன். அந்தச் சமயத்தில்தான் ஆவடி சேக்காட்டிலிருந்து ஒரு தபால் வந்தது. கோடு போட்ட தாளில் ஒரே ஒரு வரி.

"என்னைத் தொடர்பு கொள்ள முயன்றதாகச் சொன்னீர்கள், எந்த நம்பருக்கு போன் செய்தீர்கள்?"

கீழே பெயர்: ஏகாம்பரம், ஸ்கூல் வேன் டிரைவர். செல் நம்பர். எந்தச் செய்தி, எந்தத் தேதி, எந்த விதி மீறப்பட்டது என்று எதுவும் இல்லை.

நியூஸ் எடிட்டர் ஞானசேகரிடம் காட்டினேன். "இது புகாரே இல்ல மேடம். ஃபார்மட்ல இல்லன்னு திருப்பி அனுப்பிடுங்க" என்றார்.

அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி என்னைச் சும்மா விடவில்லை. செய்தியைத் தேடி எடுத்தேன். பூந்தமல்லியில் மெட்ரோ வேலைக்காக ஒரு தெருவை அடைத்திருந்தார்கள். ஒரு ஸ்கூல் வேன் யு.கே.ஜி. குழந்தையைத் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போகிறது. மாடியிலிருந்து யாரோ செல்லில் எடுத்த வீடியோ. குழந்தை தனியாக நிற்கிறது. அதன் அம்மா அழுதபடி பேசுகிறார். கடைசியில் திரையில் எழுத்து வருகிறது: "ஓட்டுநரைத் தொடர்புகொள்ள முயன்றோம். அவர் பதிலளிக்கவில்லை."

ரிப்போர்ட்டர் டில்லிபாபுவைக் கூப்பிட்டேன். "யாருப்பா போன் பண்ணது?"

"அக்கா, உங்களாண்ட இன்னாத்துக்கு மறைக்கணும்? விஷுவல் வந்ததே அஞ்சே முக்காலுக்கு. ஆறு மணி புல்லட்டின். டிரைவர் நம்பர் யாராண்ட கீது? டெஸ்க்ல பதினாலு போட்டு அனுப்ட்டாங்க."

அந்தப் பதினாலு எது என்று அவன் எனக்குச் சொல்லத் தேவையில்லை.

3. பதினாலு

திரையில் எழுத்துப் போடும் கம்ப்யூட்டரில் அடிக்கடி வருகிற வாசகங்களைப் பக்கம் பக்கமாகச் சேமித்து வைப்போம். எண்ணை அடித்தால் வாசகம் வந்து நிற்கும். ஒரு மழை வெள்ளத்தின்போது, ஒவ்வொரு அதிகாரிக்கும் உண்மையாகவே போன் போட்டு ஓய்ந்து, அதே வரியைத் திரும்பத் திரும்ப அடிக்கச் சலித்து, ஓட்டுநர், அதிகாரி, உரிமையாளர் என்று ஆளை மட்டும் மாற்றிக்கொள்கிற மாதிரி பதினான்காம் பக்கத்தைச் சேமித்தவள் நான். நேரம் மிச்சமாகிறது என்று அன்றைக்கு எல்லோரும் பாராட்டினார்கள். போன் போடுவது எந்த வருடம் நின்றுபோனது என்று எனக்கே தெரியாது.

வீடியோவை மறுபடி ஓட்டினேன். குழந்தையின் முகத்தை ஒழுங்காக மறைத்திருக்கிறோம். வேன் திரும்பிப் போகிறது. அதன் பின்கதவில் மஞ்சள் பெயிண்ட்டில், "ஸ்கூல் ட்ரிப்புக்கு அணுகவும்" என்று எழுதி, கீழே பத்து இலக்கம். படத்தை நிறுத்திப் பார்த்தேன். தபாலில் இருந்த அதே நம்பர்.

அவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று சொன்ன நாங்களே அவர் நம்பரை ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறோம். படத்தைப் பார்த்தபடியே அந்த நம்பரை அழுத்தினேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

4. சேக்காட்டிலிருந்து வந்தவர்

மறுநாள் நேரில் வந்தார். ஐம்பது வயதிருக்கும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். செல்லைக் கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை.

"நூஸ் வந்த அன்னிக்கி நூறு போன் வந்துச்சு மேடம். அத்தினியும் எடுத்தேன், உங்க ஆளா இருக்குமோன்னு. எல்லாம் அசிங்க அசிங்கமா திட்டு. ஒருத்தரும் இன்னா நடந்துச்சுன்னு கேக்கல."

"நீங்க சொல்லுங்க. என்ன நடந்தது?"

"ரோட்ட தோண்டி வெச்சிக்கிறாங்க. வண்டி உள்ள போவாது. பாப்பாவ மெடிக்கல் கடையாண்ட இறக்கினா அவங்க சித்தி வந்து கூட்டினு போவும். டெய்லி அப்டிதான். அன்னிக்கி சித்தி வர்ல. பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அட்ச்சுகினே கீறான், வண்டில இன்னும் பதினோரு பசங்க. கடைக்காரராண்ட பாத்துக்கோ அண்ணாத்தேன்னு சொல்ட்டு எட்த்துட்டேன்." செல்லை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "தப்புதான். இறங்கி நின்னிருக்கணும். அத்தக்கூட நான் சொல்லியிருப்பேன், கேட்டிருந்தா."

அவர் பக்கம் என்று சொன்னதில் பாதி அவருக்கே எதிராக இருந்தது. அதற்காகவே கேட்டிருக்க வேண்டும் என்று அப்போது எனக்குப் பட்டது.

"வேல பூட்ச்சு, அது கூட பரவால்ல. ஊட்ல என் பொண்ணு கேக்குது, ஏம்ப்பா போன் எடுக்கல, தப்பு பண்ணவன்தான எடுக்கமாட்டான்னு. டிவில பொய்யா சொல்லுவான்னு கேக்குது. எனக்கே டவுட் ஆய்ட்ச்சு மேடம். போன எட்த்துகினு கடைக்குப் போயி ரிப்பேரான்னு காட்னேன். நல்லாத்தான் கீதுன்னான்." செல்லை என் பக்கம் நீட்டினார். "நீங்க பண்ணீங்களா இல்லியா? அத்த மட்டும் சொல்லுங்க."

பதினைந்து நாளில் எழுத்தில் வரும் என்று விதியைச் சொன்னேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை.

5. பதில்

அரைகுறை உண்மையை ஒளிபரப்பக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. அதைக் காட்டி, அதே ஆறு மணி புல்லட்டினில், செய்தி வாசிப்பவர் வாயால் திருத்தம் சொல்ல வேண்டும் என்று எழுதினேன். ஏகாம்பரத்தின் தரப்பையும், அவர் ஒப்புக்கொண்ட தவறோடு சேர்த்து, சொல்ல வேண்டும் என்று எழுதினேன்.

ஞானசேகர் படித்துவிட்டுச் சிரித்தார். "மத்தியானம் திரைக்குக் கீழே ஸ்க்ரோல்ல ஓட்டிடறேன். விடுங்க."

"விட்டா அவர் மேலே போவார் சார். சேனல்கள் சேர்ந்து வெச்சிருக்கிற அமைப்பு, அப்புறம் அமைச்சகம். எப்படிப் போறதுன்னு பதில்லயே எழுதிக் கொடுக்கிறது என் வேலை."

"பதினாலை முதல்ல சேமிச்சது யார்னு எனக்குத் தெரியும் மேடம். அதையும் எழுதுவீங்களா? நீட்டிப்பு ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு."

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பேட்டரி அறைப் பக்கத்து நாற்காலியையும் விட்டால் எனக்குப் போக வேறு இடம் கிடையாது. டீ குடிக்க யாரும் கூப்பிடாவிட்டாலும், அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனிதர்கள் நடமாடுவதையாவது பார்க்கலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

பதினைந்தாம் நாள் பதிலை அனுப்பினேன். முதல் வரி: "நாங்கள் எந்த நம்பருக்கும் போன் செய்யவில்லை." இரண்டாம் வரியில், அந்த வாசகத்தைச் சேமித்து வைத்தவள் நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

விஷயம் அமைச்சகம் வரை போய்விடும் என்று பயந்தார்களோ என்னவோ, திருத்தம் ஆறு மணிக்கே போனது. பள்ளிக்கூடம் ஏகாம்பரத்தைத் திரும்ப எடுக்கவில்லை. திருமழிசையில் ஒரு கம்பெனி வண்டி ஓட்டுகிறார். என் நீட்டிப்பு அந்த மார்ச்சோடு முடிந்தது. பதினான்காம் பக்கத்தை என் கையாலேயே அழித்தேன். நான் கிளம்புவதற்குள் அது இருபத்தேழாம் பக்கமாக மறுபடி முளைத்திருந்ததாக டில்லிபாபு சொன்னான்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. முயன்றோம் என்று எழுதுவதற்கு முன்னால் முயலுங்கள். நம்பரைத் தேடுங்கள், ரிங் முழுதாக அடிக்கும்வரை காத்திருங்கள். அந்தப் பக்கம் ஒருவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஓய்வுக்குப் பிறகு அலுவலகத்திலிருந்து யாரும் கூப்பிடுவதில்லை. பால்காரரும் கேஸ் புக்கிங்கும் தவிர என் போன் அடிப்பது அபூர்வம். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் சேக்காட்டிலிருந்து ஒரு கால் வரும். என் பதிலை பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருப்பதாகவும், மகள் அதைப் படித்துவிட்டு அன்று முழுக்க அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததாகவும் முதல் தடவை சொன்னார். இப்போதெல்லாம் பேச ஒன்றும் இருப்பதில்லை.

"என்ன ஏகாம்பரம், ஏதாவது விஷயமா?"

"ஒன்னும் இல்ல மேடம். சும்மாதான். எடுக்கறீங்களான்னு பாத்தேன்."

நான் முதல் ரிங்கிலேயே எடுத்துவிடுகிறேன்.